தூங்குமூஞ்சி சமந்தா

மனுவும் தீர்ப்பும் – 9

1995-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் ஜான் வெஸ்ட்லிங் ஓர் உரை நிகழ்த்தினார். புரோவோஸ்ட் என்பது அங்கே தலைவருக்கு அடுத்த நாற்காலி. உரையில் சமந்தா என்ற மாணவியைப் பற்றி ஒரு கதை சொன்னார். பருவத்தின் முதல் வகுப்பு முடிந்ததும் சமந்தா அவரிடம் வந்து ஒரு கடிதத்தை நீட்டினாளாம். காதில் விழுவதை மூளை வாங்கிக்கொள்வதில் அவளுக்குக் குறைபாடு. ஆகவே பாடக் குறிப்புகளின் நகல் வேண்டும், முன்வரிசையில் இடம் வேண்டும், தேர்வில் கூடுதல் நேரமும் தனி அறையும் வேண்டும். அதோடு, வகுப்பில் அவள் தூங்கிவிடவும் கூடும், அப்போது விட்டுப்போன பாடத்தைப் பேராசிரியரே பிறகு சொல்லித்தர வேண்டும்!

இந்தத் தூங்குமூஞ்சி சமந்தாவை வைத்து வெஸ்ட்லிங் பெரிய வாதம் ஒன்றைக் கட்டினார். கற்றல் குறைபாடு என்ற பெயரில் கல்வியின் தரம் கரைகிறது, உழைக்க மனமில்லாதவர்களுக்கு மருத்துவச் சீட்டு கிடைத்துவிடுகிறது என்பது அதன் சாரம். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் இதே சிரிப்பைக் கேட்கலாம். “எக்ஸ்ட்ரா டைம் கொடுத்தா நானும்தான் பாஸ் பண்ணுவேன்” என்று அங்கே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

சமந்தா என்று யாருமே இல்லை. அது தெரியவந்தது இரண்டு ஆண்டு கழித்து, நீதிமன்றத்தில்.

இதில் வேடிக்கை, கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உதவுவதில் பாஸ்டன் பல்கலைக்கழகம் அதுவரை பெயரெடுத்த இடம். அதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள். அதை நம்பியே பெற்றோர் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். மாணவர் கொண்டுவரும் அறிக்கையைப் படித்து, பேசிப் பார்த்து, என்ன ஏற்பாடு தேவை என்று அந்தப் பிரிவே முடிவு செய்யும். கணிதத்துக்கோ வெளிநாட்டு மொழிக்கோ பதிலாக வேறு பாடம் எடுக்கவும் சிலரை அது அனுமதித்து வந்தது. வெஸ்ட்லிங்குக்குத் தெரிந்ததும் அது நின்றது. ஆசிரியர் குழு எதுவும் கூடவில்லை, நிபுணர் யாரையும் கேட்கவில்லை, ஓர் உத்தரவில் முடிந்தது. பிறகு மாணவர் கோப்புகள் அவருடைய அலுவலகத்துக்குப் போயின. அங்கே புரட்டியவர்களுக்குக் கற்றல் குறைபாட்டில் எந்தப் பயிற்சியும் கிடையாது.

1995 டிசம்பரில், பருவத் தேர்வுக்கு எல்லோரும் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாணவர்களுக்குக் கடிதம் வந்தது. உங்கள் பரிசோதனை அறிக்கை மூன்று ஆண்டுக்கு மேல் பழையது என்றால் செல்லாது, புதிதாகப் பரிசோதித்துக் கொண்டுவராவிட்டால் அடுத்த பருவத்தில் ஏற்பாடுகள் கிடையாது. கெடு, புத்தாண்டு பிறந்த கையோடு. பரிசோதனைக்குப் பல நூறு டாலர் ஆகும், மணிக்கணக்கில் உட்கார வேண்டும். வாசிப்பைத் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா சளிக்காய்ச்சல் இல்லை, மூன்று வருடத்தில் சரியாகிவிட. பதினெட்டு வயதுக்குமேல் அது பெரிதாக மாறுவதில்லை என்று நிபுணர்கள் பின்னர் சாட்சி சொன்னார்கள். தனிப் பிரிவின் தலைவர் வேலையை விட்டுப் போனார். மாணவர்கள் 1996-இல் வழக்குத் தொடுத்தார்கள். சட்டப் புத்தகங்களில் இதற்குக் குக்கன்பெர்கர் வழக்கு என்று பெயர், டிஸ்லெக்சியா உள்ள ஒரு சட்ட மாணவியின் பெயரால்.

பட்டி சாரிஸ் என்ற மத்திய நீதிபதி விசாரித்தார். சாட்சிக் கூண்டில் வெஸ்ட்லிங் இரண்டை ஒப்புக்கொண்டார். சமந்தா தன் கற்பனை என்பது ஒன்று. மற்றதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: சலுகைக்காகக் குறைபாடு இருப்பதாக நடித்த ஒரு மாணவர்கூட அந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவானதில்லை. இவ்வளவு பெரிய கொள்கை மாற்றத்துக்கு அடியில் ஒரு கோப்பு, ஒரு சம்பவம் கூடக் கிடையாது.

1997 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தீர்ப்பு. மூன்றாண்டு மறுபரிசோதனை விதி முதலில் கொண்டுவரப்பட்ட வடிவில் சட்டவிரோதம் என்றார் நீதிபதி. சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள் என்ற முன்முடிவே அந்தக் கொள்கையை நடத்தியது என்றும் எழுதினார். ஆறு மாணவர்களுக்கு மொத்தம் சுமார் 30,000 டாலர் இழப்பீடு. பல்கலைக்கழகத்துக்கு அது பெரிய தொகை இல்லை.

மொழிப் பாடத்தில்தான் தீர்ப்பு வேறு பாதையில் போனது. பாஸ்டனில் கலை அறிவியல் பட்டத்துக்கு நான்கு பருவம் வெளிநாட்டு மொழி படிக்க வேண்டியிருந்தது. எழுத்தைக் கூட்டிப் படிப்பதே பாடாக இருக்கும் ஒருவருக்கு அது நரகம். அதற்குப் பதில் வேறு பாடம் கொடுங்கள் என்பது மாணவர் கோரிக்கை. கொடு என்று நீதிபதி உத்தரவிடவில்லை. கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. உங்கள் பட்டத்துக்கு மொழிப் பாடம் உயிர்நாடியா என்பதை ஒரு தனிமனிதர் தன் கோபத்தில் முடிவு செய்ய முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் கூடி, மாற்று வழிகளை எடைபோட்டு, காரணத்தை எழுதி முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

இந்த யோசனை அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. அதே மாநிலத்தின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், கொள்குறி வினாத்தாளில் தொடர்ந்து தோற்று வெளியேற்றப்பட்ட ஒரு மாணவர் வழக்குப் போட்டிருந்தார். வேறு முறையில் தேர்வு வைக்க முடியாதா என்பதே அவர் கேள்வி. முடியாது என்று கல்லூரி முதல்வரின் ஒரே ஒரு பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்தது பல்கலைக்கழகம். இது போதாது, யார் யார் யோசித்தீர்கள், எந்த மாற்றை, செலவு என்ன, பாடத்துக்கு என்ன பாதிப்பு என்று காட்டுங்கள் என்றது 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் விரிவாகக் காட்டியது, வென்றது. மாணவர் தோற்றார்.

பாஸ்டனிலும் அதுவே நடந்தது. 11 பேராசிரியர்கள் கொண்ட குழு பலமுறை கூடி, மொழிப் பாடத்தை மாற்ற முடியாது என்று பரிந்துரைத்தது. காரணங்களை எழுதியது. 1998 மே மாதம் அதே நீதிபதி அதை ஏற்றார்.

இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. குழுவில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள். தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே தேவையற்றது என்று சொல்வார்களா? காகிதம் தயாரிக்கக் கற்றுக்கொண்ட நிர்வாகம் இந்தச் சோதனையை எளிதாகத் தாண்டிவிடும் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் நான் நீதிபதி பக்கமே சாய்கிறேன். மாற்றுத்திறனாளி மாணவரின் புகார் பெரும்பாலும் “இல்லை” என்ற பதிலால் புரையோடுவதில்லை. யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்று தெரியாத “இல்லை”யால்தான் புரையோடுகிறது. காரணம் எழுதிய மறுப்பை எதிர்த்து வாதாடலாம். வாய்மொழி மறுப்பை எதிர்த்து என்ன செய்ய?

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கான ஏற்பாடு முன்பே இருந்தது. சென்ற வாரம் சொன்னேனே, சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரத்துக்கும் மேல் விடாமல் உட்கார்ந்து 1977-இல் கையெழுத்து வாங்கிய விதிகள், அவற்றில். மத்திய அரசின் பணம் வாங்கும், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும், புகார் விசாரிக்கும் முறையை வகுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவுக்கு 180 நாளுக்குள் எழுதலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் இல்லை. விதிகளின் விளக்கத்தில் ஓர் அழகான உதாரணம்கூட உண்டு. செவித்திறன் இல்லாத மாணவரை, கட்டாய இசை ரசனைப் பாடத்துக்குப் பதில் ஓவிய ரசனையோ இசை வரலாறோ படிக்க விடலாம். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் வெஸ்ட்லிங் ஓர் உத்தரவில் எல்லாவற்றையும் நிறுத்த முடிந்தது.

நம் சட்டத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாஸ்டன் மாணவர்கள் தோற்ற இடத்தில் ஒரு படி முன்னால் நிற்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு மூன்றையும் பெயர் சொல்லி 17-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் புகாரை எங்கே கொடுப்பது என்று தேடினால் கதை வேறு. ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். படித்துக்கொண்டே போனால், அவரிடம் போகச் சொல்வது வேலைவாய்ப்பில் பாகுபாடு பற்றிய புகாரை. தேர்வறையில் எழுத ஆள் கிடைக்காத மாணவியின் புகாரை அல்ல.

மாணவிக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார், தில்லியில் தலைமை ஆணையர் இருக்கிறார். அவர்கள் பரிந்துரைக்கலாம், பரிந்துரைமீது என்ன செய்தோம் என்று நிறுவனம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பருவத் தேர்வு அதற்குள் முடிந்து, மதிப்பெண் பட்டியலும் வந்துவிடும். இன்னொரு வழி, பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர் விதிமுறைகள். கல்லூரிக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு. குழுவில் பெண் ஒருவராவது வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரில் ஒருவராவது வேண்டும் என்று விதி கவனமாகச் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டது. புகாரில் இருக்கும் சிரமம் என்னவென்று தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும் என்பதுதானே பாஸ்டன் தீர்ப்பின் சாரம்?

உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11. எழுதும்போது கை இறுகிப்போகும் ஒரு தேர்வருக்கு, 40 சதவீத ஊனம் என்ற வரையறைக்குள் வரவில்லை என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் எழுதுபவரை மறுத்தது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதமும் வந்தது. யாரோ ஏமாற்றலாம் என்ற அச்சத்துக்காகத் தேவையுள்ளவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு அதை ஒதுக்கியது. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுத முடியாதவருக்கு எழுதுபவர் உண்டு என்றானது. அதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியிட்டது. அவற்றின்படி சலுகை கேட்பவர் ஒரு மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றானது. ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவமனையில் அந்தச் சான்றிதழ் எத்தனை மேசைகளைத் தாண்டி வருகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)