கமிஷன் இல்லாத செயலியில் கழிந்த பணம்

பங்குச் செயலியில் ‘கட்டணம் பூஜ்ஜியம்’ என்று எழுதியிருப்பது, தரகு நிறுவனம் தனக்காக எடுக்கும் புரோக்கரேஜுக்கு மட்டும். அதுவும் பங்கை வாங்கி டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரி வணிகத்துக்கு மட்டும். அரசும் பங்குச் சந்தையும், பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் டெபாசிட்டரியும் எடுப்பவை அப்படியே இருக்கின்றன. நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், வரிக் கணக்குக்காக லாப நட்ட அறிக்கையை முதல்முறை திறந்து பார்த்த திருப்பூர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: கமிஷனே இல்லை என்றால் கழிந்த தொகை யாருக்குப் போனது?

சனிக்கிழமைச் சம்பளத்தில் 1,000 ரூபாய்க்கு ஒரே ஒரு பங்கு வாங்கி, பிறகு அதே விலைக்கு விற்பவரின் கணக்கைப் பார்க்கலாம். எஸ்.டி.டி. என்கிற பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%, ஆக 2 ரூபாய். முத்திரைத் தீர்வை 15 காசு. தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. எடுப்பது லட்சத்துக்கு 2 ரூபாய் 97 காசு, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி எடுப்பது கோடிக்கு 10 ரூபாய் என்பதால் இரண்டும் சில காசுகளில் முடிந்துவிடும். கடிப்பது, விற்கும் நாளில் வரும் டி.பி. (டெபாசிட்டரி பங்கேற்பாளர்) கட்டணம். ஒரு பங்கை விற்றாலும் ஆயிரம் பங்கை விற்றாலும், ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒரு நாளைக்கு ஒரே தொகை: ஜி.எஸ்.டி.யோடு 15 ரூபாயை ஒட்டி, சில செயலிகளில் 20-ஐத் தாண்டியும். 1,000 ரூபாய் போட்டவருக்கு அது 1.5%, லட்சம் போட்டவருக்குக் கண்ணிலேயே படாது. இதில் டெபாசிட்டரியான சி.டி.எஸ்.எல். எடுப்பது 3 ரூபாய் 50 காசுதான். வரி போக மிச்சம் தரகு நிறுவனத்துக்கே. வாங்கும்போது விட்டுக்கொடுத்ததை விற்கும்போது வேறு பெயரில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று 2024 வரை இருந்தது. பெங்களூரின் ஜெரோதா தரகு நிறுவனம் 2015 டிசம்பரில் டெலிவரிக்கான புரோக்கரேஜை முற்றிலும் நீக்கியது. இதேபோல் கமிஷன் வாங்காத அமெரிக்காவின் ராபின்ஹூட் செயலி, வாடிக்கையாளரின் ஆர்டர்களைப் பெரிய வர்த்தக நிறுவனங்களுக்குத் திருப்பிவிட்டு அவற்றிடம் காசு வாங்கியது. அதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்ற புகாரைத் தீர்க்க 2020 டிசம்பரில் 6.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. இந்தியாவில் ஆர்டர்கள் நேரே சந்தைக்குத்தான் போயின. லாபம் வந்தது சந்தைக் கட்டணத்தில். ஒரு தரகரின் மாத வணிகம் பெருகப் பெருக, பங்குச் சந்தை அவரிடம் வாங்கும் கட்டண விகிதம் படிப்படியாகக் குறையும். தரகரோ வாடிக்கையாளரிடம் அன்றன்றைக்கு உச்ச விகிதத்தில் வசூலித்துவிடுவார். மாத முடிவில் சந்தைக்குக் கட்டுவது தள்ளுபடி விகிதத்தில். டன் கணக்கில் துணி கொடுப்பதற்காகச் சாயப்பட்டறை கிலோவுக்குக் கூலியைக் குறைக்க, துணி கொடுத்தவர் தன் பார்ட்டிக்கு மட்டும் பழைய கூலியிலேயே பில் போடுவதைப் போன்றது இது. ரசீதில் அது ‘சந்தைக் கட்டணம்’ என்றே இருக்கும். தரகரின் வருமானமாக அதை யாரும் எண்ணமாட்டார்கள்.

2024 ஜூலை 1-ல் செபி இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாடிக்கையாளரிடம் எந்தப் பெயரில் எவ்வளவு வாங்கப்படுகிறதோ அது அப்படியே சந்தைக்குப் போக வேண்டும், பெரிய தரகருக்கும் சிறிய தரகருக்கும் ஒரே விகிதம் என்ற சுற்றறிக்கை அக்டோபர் 1-ல் அமலானது. தங்கள் வருவாயில் சுமார் 10% இந்த வித்தியாசத்தில் வந்தது என்று ஜெரோதாவின் நிறுவனர் நிதின் காமத் வெளிப்படையாகவே எழுதினார். ஏஞ்சல் ஒன் 2024 நவம்பரில் டெலிவரிக்கும் கட்டணம் விதிக்கத் தொடங்கியது: ஆர்டருக்கு 20 ரூபாய் அல்லது 0.1%, இரண்டில் எது குறைவோ அது. ஜெரோதா பூஜ்ஜியத்தைத் தொடர்ந்தது.

தொடர முடிந்ததற்குக் காரணம் ஆப்ஷன், அதாவது குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அந்த உரிமைக்குக் கட்டும் பிரீமியம் 20 ரூபாய், ஒரு லாட்டில் 75 யூனிட் என்றால் 1,500 ரூபாயில் ஒருவர் உள்ளே நுழைந்துவிடலாம். வாங்க 20, விற்க 20, மேலே 18% ஜி.எஸ்.டி.: 47 ரூபாய் 20 காசு. விலை நகர்வதற்கு முன்பே 3 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்தனர் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபியின் ஆய்வு சொல்கிறது. கட்டணங்களாக மட்டும் சுமார் 50,000 கோடி போனது. அதில் பாதி புரோக்கரேஜ். டெலிவரிக்காரரின் இலவசத்துக்குச் செலவு செய்பவர் இந்த ஆப்ஷன்காரர்தான். இருவரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. செயலி முதலில் இலவசத்தைக் காட்டுவது அதற்காகத்தானோ என்ற சந்தேகம் நியாயமானதே.

சிறு முதலீட்டாளரைக் காக்க இத்தகைய ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதாக செபி 2024 நவம்பரில் கணக்குக் காட்டியது. ஆப்ஷன் வாங்குபவர் கட்டுவது அந்த மதிப்பை அல்ல, பிரீமியத்தை மட்டும். கெடு முடியும் நாளில் அது சில நூறு ரூபாய்க்கும் இறங்கும். 2024-25-ல் தனிநபர் நட்டம் 1,05,603 கோடி, நட்டப்பட்டவர்கள் 91%. அந்த ஆண்டின் பெரும்பகுதி புதிய விதிகளுக்கு முந்தையது என்பதையும் சொல்ல வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் ‘கமிஷன் இல்லை’ என்பது ஓரளவு மெய். 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டுகளிலும் டைரக்ட் திட்டம் கட்டாயம். அதில் ஏஜென்ட் பங்கு கிடையாது, ஆனால் ஃபண்ட் நிறுவனத்தின் செலவு விகிதம் உண்டு.

தெரிந்த தொழில் என்று பனியன் கம்பெனிப் பங்குகளையே வாங்குவோர் உண்டு. அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016 முதல் சந்தையில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50% ஆக்கியதுபோல ஒரு அடி விழுந்தால், ஷிப்ட் குறைவதும் பங்கு விலை சரிவதும் ஒன்றாகவே வரும்.

செயலி அசலா போலியா என்பது தனி விஷயம். அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி 2008, 2009-ல் சுமார் 930 கோடி திரட்டிய பாசி நிறுவனம் திருப்பூரில்தான் இருந்தது. அதன் இயக்குநர்களுக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது 2022 ஆகஸ்டில். இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் குழுவில் வரும் லிங்க் செய்கிறது. பதிவுபெற்ற தரகரின் யு.பி.ஐ. முகவரியில் 2025 அக்டோபர் முதல் ‘வேலிட்’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது தரகு நிறுவனம் அல்ல. ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மற்றக் கேள்விகளுக்கு:

செயலியில் கிடந்த பணம் தானாகவே வங்கிக்கு வந்தது ஏன்? பயன்படுத்தாத பணத்தை மாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை திருப்பித் தர வேண்டும் என்பது செபி விதி.

டீமேட் ஆண்டுக் கட்டணம்? வேறு டீமேட் கணக்கு இல்லாதவருக்கு, அடிப்படைச் சேவைக் கணக்கில் 4 லட்சம் ரூபாய் வரை இல்லை.

பங்கு லாபத்துக்கு வரி? ஓராண்டுக்குள் விற்றால் 20%. அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5%.

12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே? அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குக் கிடையாது. புதிய முறையின் 4 லட்சம் அடிப்படை விலக்கில் மிச்சம் இருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம்.

ஆப்ஷன் நட்டம்? வணிக நட்டம், கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

புகார்? முதலில் தரகு நிறுவனத்திடம், பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில். பதிலுக்குக் கெடு 21 நாள்.