நாய் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தேவகோட்டை வட்டாரத்தில் கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் புல்லும் புதரும் மண்டிவிடுகின்றன. ஆடு மேய்ப்பவர்கள், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்கள், விறகு பொறுக்கச் செல்லும் பெண்கள் ஆகியோர் நாள் முழுவதும் இந்தப் புதர்களில்தான் புழங்க வேண்டியிருக்கிறது. கூடவே நாயும் போகிறது. இந்தச் சமயத்தில் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, அது உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தால், பழி முதலில் நாயின் மேல் விழுகிறது. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் அதே புதருக்குள் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெயரால் வந்த குழப்பம் இது. உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய குழப்பமும் ஆகும்.

பெயர் ஒன்று, உயிர் இரண்டு

தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயே. இதைப் பரப்புவது நாயின் காதில் தொங்கும் உண்ணி அல்ல. மண்ணிலும் புதரடியிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு இது. கடுகைவிடப் பன்மடங்கு சிறியது. கண்ணுக்கு எளிதில் தெரியாது. எலிகளின் உடம்பில் ஒட்டி வாழும் இது, புல்லில் உட்காரும் மனிதரையும் கடிக்கிறது. நோய்க் கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுகளுக்கும் வந்துவிடுகிறது. ஆகவே எலியும் புதரும் உள்ள இடத்தில் ஆண்டுதோறும் இந்த ஆபத்து இருந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகள் வழியாக லைம் நோய் என்ற பெயரும் இப்போது ஊருக்குள் கேட்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப் பக்கம் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டதை 1975-ல் ஆராயத் தொடங்கியதால் வந்த பெயர் இது. அதன் கிருமியை 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணியில் கண்டார். அங்கே அதைப் பரப்புவது மான் உண்ணி. அந்த இனம் தேவகோட்டைப் பக்கம் கிடையாது. கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் 1957-ல் குரங்குகள் மடிந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்மையான உண்ணியால் வருவதே. ஆனால் அது மலைக்காட்டு நோய். செட்டிநாட்டு விவசாயி கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: வீட்டில் நாய் உண்ணி, வெளியில் சிற்றுண்ணி.

நாய் உண்ணி வளரும் இடம்

நாயின் மேல் காணும் பழுப்பு நிற உண்ணி, அதன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் குடித்து முடித்தபின் நாயை விட்டுக் கீழே விழுந்துவிடுகிறது. குஞ்சு விழுந்து தோலுரிக்கிறது. இளம் உண்ணி விழுந்து முதிர்கிறது. சிறு ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணி விழுந்து முட்டையிடுகிறது. ஒரு பெண் உண்ணி 4000 முட்டைகள் வரை இடக்கூடும். விழுந்தவை மேல்நோக்கி ஏறும் குணமுள்ளவை. சுவர் வெடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, கூரை மூலை, நாய் படுக்கும் சாக்கு ஆகியவை இவற்றின் இருப்பிடம். ஆகவே நாயின் மேல் பத்து உண்ணி தெரிந்தால், அதைப் போல் பல மடங்கு சுவரில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

வெப்பமான காலத்தில் சுமார் இரண்டு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். உணவு கிடைக்காவிட்டால், முதிர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து உயிர் வாழும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. காவல் நாய் படுத்த திண்ணையிலும் பின்கட்டிலும் தங்கிய உண்ணிகள், நாய் போன பின்னும் காத்திருக்கும். பூட்டிய வீட்டைத் திறக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாய்க்கு வரும் நோய்கள்

உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட, அது கொடுத்துவிட்டுப் போகும் கிருமிதான் நாய்க்கு எமன். 1910-ஆம் ஆண்டில் பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர், சென்னையில் ஆங்கிலேயர் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். சிவப்பணுக்களை உடைக்கும் பபீசியா இனத்தைச் சேர்ந்தது அது. தமிழ்நாட்டு நாய்களை இன்றும் அது வாட்டுகிறது. எர்லிக்கியா என்பது மற்றொன்று. இது வெள்ளணுக்களைத் தாக்கும். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இதனால் மாண்டன.

தீனி எடுக்காமை, காய்ச்சல், ஈறு வெளுத்தல், சிறுநீர் காப்பி நிறமாகப் போதல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு மருந்தைச் சுமார் 4 வாரம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். நாய் எழுந்து நடந்தவுடன் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். நாயைக் கொண்டுபோக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

ஒழிக்கும் முறை

உண்ணியைப் பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் விடுதல், பீடி நெருப்பால் சுடுதல், விரலால் நசுக்குதல் ஆகியவை கூடாது. பிடுங்கியவற்றைச் சோப்பு நீரில் போட்டுக் கொன்றுவிட வேண்டும். காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் கீழ், வாலடி ஆகிய இடங்களைத் தினமும் பார்ப்பது நல்லது.

நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, மாதம் ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் மாத்திரை ஆகியவை இப்போது கிடைக்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் தெளிப்பது நாயைக் கொல்வதற்குச் சமம். மாட்டு உண்ணிக்கு வசம்பு, பூண்டு, வேப்பிலை, மஞ்சள் சேர்த்து அரைத்துத் தெளிக்கும் கைமருந்து உண்டு. அதை நாய்க்குப் பூசக்கூடாது, நாய் நக்கும். பூண்டு நாயின் சிவப்பணுக்களைக் கெடுக்கும்.

நாய்க்கு மருந்து கொடுக்கும் அதே நாளில் வீட்டையும் கவனிக்காவிட்டால் பயனில்லை. நாய் படுத்த சாக்குகளைக் கொதிநீரில் போட வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். இடுக்குகளில் உண்ணி மருந்து தெளித்து, முட்டைகள் பின்னர் பொரியும் என்பதால் 15 நாள் இடைவெளியில் மூன்று, நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டும். கழுவிய நீர் ஊருணிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்மருந்துகளில் பல மீன்களைக் கொல்லும். பூனை உள்ள வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தெளிக்கலாகாது.

புதருக்குப் போகிறவர்களுக்கு

முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதருக்குள் போவதைவிட முழுக்கால் சட்டையும், அதன் நுனியை உள்ளே விட்ட காலுறையும் நல்ல காப்பு. பூச்சி விரட்டும் களிம்பைக் கால்களில் பூசலாம். மதிய ஓய்வுக்குப் புல்லில் படுக்காமல், தார்ப்பாய் விரித்து உட்கார வேண்டும். உடைகளைப் புதர்மேல் காயப்போடக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுத்தியதைச் சுடுநீரில் துவைத்துவிட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டி, எலி சேராமல் தவசத்தை மூடி வைப்பதும் இதில் சேர்ந்ததே.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரலாம். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடி போன்ற மறைவிடங்களில், பீடியால் சுட்டதுபோல் வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருக்கக்கூடும். வலிக்காததால் நோயாளியே அதை அறியமாட்டார். பெண்கள் கூச்சத்தால் காட்டமாட்டார்கள். பொருக்கு இல்லாமலும் நோய் இருக்கலாம். முதல் சில நாட்களில் இரத்தச் சோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம். ஆகவே "புதரில் வேலை செய்தேன்" என்ற ஒரு சொல்லே மருத்துவருக்குப் பெரிய துப்பு.

டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து ஆரம்பத்திலேயே கிடைத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். நாய் உண்ணியால் மனிதருக்குச் சில சமயம் வரும் புள்ளிக் காய்ச்சலுக்கும் இதே மருந்துதான். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும். அவ்வாறு முற்றிய நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசி வழியாகச் செலுத்துவதே மேல் என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அந்த நிலை வரை விடாமல் இருப்பதே அறிவுடைமை.

மழைக்குப் பிந்திய மாதங்களில் ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாதவர்கள் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிராமல், அரசு மருத்துவமனைக்குப் போய்ப் புதர் வேலையைச் சொல்லி, உடம்பு முழுவதையும் காட்டிவிட வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. வீட்டு நாயைத் துரத்த வேண்டியதில்லை. அதன் உண்ணியை ஒழித்தால் போதும்.