வின்சுலோ குடும்பமும் தமிழ் அகராதியும்: சேதுக் கடலின் இருகரைகளை இணைத்த ஒரு மிசன் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ் – ஆங்கில அகராதி மைரன் வின்சுலோ என்னும் ஒருவரின் பெயரால் அறியப்படுகிறது. அப்பெயருக்குப் பின்னால் நான்கு தலைமுறைக்கு நீண்ட ஒரு குடும்பமும், யாழ்ப்பாணம், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பரவிய மிசன் உறவுகளும், இராமநாதபுரத்திலிருந்து சென்னை சென்ற தமிழ்ப் புலவர் ஒருவரின் உழைப்பும் உள்ளன. தமிழ் அகராதிக்கலையின் தொடர்ச்சிக்குக் குடும்ப உறவு எவ்வாறு ஒரு நிறுவனம் போலச் செயற்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வின்சுலோ, அமெரிக்க மிசன், முகவை இராமாநுச கவிராயர், அகராதியியல், உடுவில், சேதுநாடு.

முன்னுரை

மாரியூர் முதல் இராமேசுவரம் வரை நீளும் முகவைக் கடற்கரையைத் தமிழகத்தின் எல்லையாகக் காண்பது இன்றைய நிலப்படம் தந்த பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டினருக்கு அஃது எல்லை அன்று, துறை. அரிசியும் புகையிலையும் மட்டுமன்றி ஏடுகளும் புலவர்களும் இக்கடலைக் கடந்து இருபுறமும் சென்றுவந்தனர். அவ்வழியே சென்றவற்றுள் ஒன்று ஓர் அகராதித் திட்டம். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அத்திட்டம் சென்னையில் முற்றுப்பெற்றது. அதன் விளைவு பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கும் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

தமிழ் அகராதி வரலாற்றை ஆசிரியர் பெயர், ஆண்டு, சொற்றொகை ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தி எழுதுவது நம்மிடையே பெருவழக்கு. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732. பப்ரிசியசு அகராதி 1779. மானிப்பாய் அகராதி 1842, ஏறத்தாழ 58,500 சொற்கள். வின்சுலோ அகராதி 1862, 67,452 சொற்கள். இப்பட்டியல் பிழையற்றது. ஆயினும், ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்குச் சொற்கள் எவர் கைவழிச் சென்றன என்பதற்கு இதில் விடை இல்லை. அவ்விடையை வின்சுலோவின் வாழ்விலும் குடும்பத்திலும் காணலாம்.

ஒரே ஆண்டில் புறப்பட்ட இரு கப்பல்கள்

மைரன் வின்சுலோ 1789இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். மிடில்பரிக் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றபின், 1819 சனவரியில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரைச் சேர்ந்த ஹாரியட் லாத்ரோப்பை மணந்தார். அவ்வாண்டு சூன் 8ஆம் நாள் இருவரும் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டசு' என்னும் கப்பலில் புறப்பட்டனர். லீவை சுபால்டிங், ஹென்றி உட்வர்டு, மருத்துவர் ஜான் சுகடர் ஆகியோரும் தத்தம் மனைவியருடன் உடன்வந்தனர். கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்த வின்சுலோ தம்பதியர் 1820இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியமர்ந்தனர்.

அதே 1819 அக்டோபரில், அதே பாஸ்டன் துறைமுகத்திலிருந்து, அதே அமெரிக்க மிசன் கழகம் மற்றொரு குழுவைப் பசிபிக் தீவுகளாகிய ஹவாய்க்கு அனுப்பியது. அக்குழுவை வழிநடத்தியவர் ஹைரம் பிங்காம். ஹவாயில் பிறந்த இவர் மகன் இரண்டாம் ஹைரம் பிங்காம், பின்னர்க் கில்பர்ட் தீவுகளுக்குச் சென்று அம்மொழிக்கு எழுத்துவடிவம் தந்து, 1890இல் விவிலியத்தை முழுமையாக மொழிபெயர்த்து முடித்தார். தந்தையின் பணியை மகன் தொடர்ந்தமையும், மனைவியரின் உழைப்பின்மேல் மிசன் இல்லம் நிலைபெற்றமையும் இரு கடல்களுக்கும் பொது. வேறுபாடு மொழியில் உள்ளது. பசிபிக் தீவுகளில் மிசனரி எழுத்தைக் கொண்டுசென்றார். எழுத்தறிவின் ஆசிரியராக விளங்கினார். தமிழ்நிலத்துக்கு வந்த மிசனரியோ இலக்கணமும் நிகண்டும் உரைமரபும் உடைய மொழியின் முன் மாணாக்கராக அமர வேண்டியிருந்தது. வின்சுலோ அகராதியின் இயல்பை இவ்வேறுபாடே தீர்மானித்தது.

உடுவில் இல்லம்

அமெரிக்க மிசனரிகள் 1816இலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் பணிதொடங்கியிருந்தனர். எனினும், 1820க்குப் பின் புதிய அமெரிக்கர் எவரும் இலங்கையில் குடியேறுவதை ஆளுநர் எட்வர்டு பார்ன்சின் ஆட்சி ஏற்கவில்லை. அச்சாளராக வந்த ஜேம்சு காரெட் திருப்பியனுப்பப்பட்டார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தடை நீடித்தது. முன்னரே வந்திருந்த சில குடும்பங்களே பள்ளி, மருத்துவம், மொழிப்பணி அனைத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. 1823இல் வட்டுக்கோட்டையில் கல்விச்சாலை தோன்றியதும், 1824இல் உடுவிலில் ஹாரியட் வின்சுலோ பெண்களுக்கான விடுதிப்பள்ளியைத் தொடங்கியதும் இக்காலத்தனவே. பெண்ணுக்கு எழுத்தறிவு தேவை என்னும் எண்ணம் அரிதாயிருந்த சூழலில் தொடங்கிய அப்பள்ளி, உடுவில் மகளிர் கல்லூரியாக இன்றும் இயங்குகிறது.

அவ்வில்லம் கொடுத்த விலையும் பெரிது. மிசன் குழந்தைகளைக் கல்விக்காக இளமையிலேயே அமெரிக்காவுக்கு அனுப்புவது அந்நாளைய வழக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்த மூத்த மகன் சார்லசு அவ்வாறு அனுப்பப்பட்டு, 1832இல் நியூயார்க் நகரில் தம் பதினோராம் அகவையில் இறந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் ஹாரியட் உடுவிலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 36. மனைவியின் மடல்களையும் குறிப்புகளையும் தொகுத்து வின்சுலோ 1835இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, அக்கால யாழ்ப்பாணத்தை ஒரு பெண்ணின் நோக்கில் அறிவதற்குரிய ஆவணமாகும். தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றாய்வில் அது பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை.

தடை நீங்கியதும் ஹாரியட்டின் தங்கையர் மூவர் மிசனரிகளை மணந்து இங்கு வந்தனர். அவர்தம் கணவர் பெரி, ஹட்சிங்சு, செர்ரி ஆகியோர். இவர்களுள் பெரி தம்பதியர் 1838இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதிக்கு இரையாயினர். செர்ரி மதுரை மிசனில் பணியாற்றினார். இம்மதுரை மிசன் 1834இல் யாழ்ப்பாணத்தின் கிளையாகவே தோன்றியது. அதற்கு முன்னோட்டமாகக் கடல்கடந்து மதுரைக்கு வந்தவர், வின்சுலோவுடன் கப்பலேறிய சுபால்டிங். ஆகவே, சேதுக்கடலின் இருகரை மிசன்களும் நிருவாகத்தால் மட்டுமன்றி, உடன்பிறப்பாலும் மணவுறவாலும் பிணைக்கப்பட்டிருந்தன.

மூன்று கிளைகளாகப் பிரிந்த சொற்றிரட்டு

அகராதித் திட்டத்தைத் தொடங்கியவர் வின்சுலோ அல்லர். யாழ்ப்பாணத்து நல்லூரில் பணியாற்றிய திருச்சபை மிசன் கழகத்தினராகிய ஜோசப் நைட், தமிழறிஞர்களின் துணையோடு சொற்களைத் திரட்டிவந்தார். 1840இல் அவர் இறந்தபின் அத்திரட்டு அமெரிக்க மிசனின் பொறுப்பில் மூன்று கிளைகளாக வளர்ந்தது. தமிழுக்குத் தமிழே பொருள் கூறும் கிளை, சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால் 1842இல் மானிப்பாய் அகராதியாக வெளிவந்தது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கூறும் கிளை சுபால்டிங் முதலியோரால் நிறைவுற்றது. தமிழுக்கு ஆங்கிலம் கூறும் மூன்றாம் கிளை வின்சுலோவிடம் வந்தது.

1836இலேயே வின்சுலோவும் சுகடரும் சென்னையில் புதிய மிசன் ஒன்றைத் தொடங்கிவிட்டனர். இதனால் யாழ்ப்பாணத்துச் சொற்றிரட்டு சென்னைக்குப் பெயர்ந்தது. இப்பெயர்ச்சி அகராதியின் உள்ளடக்கத்தை மாற்றியது. யாழ்ப்பாண வழக்கோடு தமிழக வழக்கும் சேர்ந்தது; செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டையும் உள்ளடக்கியது என நூலின் ஆங்கிலத் தலைப்பே அறிவித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கொள்வது ஏன் இன்றியமையாதது என்பதை முகவைக் கடற்கரையே காட்டும். மாரியூர்ச் சிவன் கோயிலில் சித்திரை விழாவின்போது திருவிளையாடலின் வலைவீசும் படலம் கடற்கரையில் நடத்திக்காட்டப்படுகிறது. அங்கு 'வலை' என்பது புராணத்தின் சொல்லாகவும் அன்றாடத் தொழிலின் சொல்லாகவும் ஒரே நாளில் வழங்கும். வாடை, சோழகம், கச்சான் என்னும் காற்றின் பெயர்கள் இக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் பொது. நிகண்டை மட்டும் கொண்டோ, பேச்சை மட்டும் கொண்டோ இத்தகு சொற்களின் முழுப்பொருளைத் தருதல் இயலாது.

முகவைப் புலவரின் பங்கு

சென்னையில் வின்சுலோவுக்குத் துணைநின்ற அறிஞருள் தலைமையானவர் முகவை இராமாநுச கவிராயர். முகவை என்பது இராமநாதபுரத்தைக் குறிக்கும் இலக்கிய வழக்கு. அப்பெயரே அவர் அடையாளமாயிற்று. நன்னூலுக்கு உரை வரைந்தவர், ஜி. யு. போப்புக்குத் தமிழ் கற்பித்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த துருவுக்கு உறுதுணையாயிருந்தவர். இவர் 1853இல் காலமானார். அகராதி வெளிவர மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. தாம் உழைத்த நூலின் அச்சுவடிவத்தைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அவரைப் போன்றே வேறு சில தமிழ்ப் புலவர்களும் இப்பணிக்கு உதவினர்.

வின்சுலோவின் இல்லமும் இக்காலத்தில் மீண்டும் மீண்டும் குலைந்தது. சென்னைக்கு உடன்வந்த இரண்டாம் மனைவி 1837இலும், மூன்றாம் மனைவி 1843இலும் இறந்தனர். 1845இல் அவர் மணந்த நான்காம் மனைவி, மதுரை மிசனில் வாந்திபேதியால் இறந்த டுவைட்டு என்பவரின் கைம்பெண். அவரும் 1852இல் மறைந்தார். ஆக, அகராதிப் பணியின் இடைக்காலத்தில் மனைவியையும் தலைமைப் புலவரையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வின்சுலோ இழந்தார். ஐந்தாம் திருமணம் 1857இல் நிகழ்ந்தது.

1862இல் அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் என்பாரின் மேற்பார்வையில் 976 பக்கங்களுடன் அகராதி அச்சாயிற்று. இரண்டாண்டில் உடல்நலங்குன்றி அமெரிக்காவுக்குப் புறப்பட்ட வின்சுலோ, வழியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 1864 அக்டோபரில் இறந்தார். மனைவியர் நால்வரின் கல்லறைகள் சேதுக்கடலின் இருபுறத்து மண்ணிலும் இருக்க, அவர் உடல் இரண்டுக்கும் புறத்தே அடக்கமாயிற்று.

அடுத்த தலைமுறைகள்

வின்சுலோ – ஹாரியட் மகள் தாயின் பெயரையே தாங்கியவர். அவர் மிசனரி ஜான் வெல்சு டல்லசை மணந்து சிறிதுகாலம் சென்னையில் வாழ்ந்தார். அவர்தம் பேரருள் இருவர் இருபதாம் நூற்றாண்டு உலக அரசியலில் அறியப்பட்டவர்கள்: 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்த ஜான் பாசுடர் டல்லசும், அந்நாட்டு மைய உளவு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆலன் டல்லசும் ஆவர். தமிழ் அகராதியின் ஆசிரியர் இவ்விருவருக்கும் கொள்ளுப்பாட்டனார். அக்குடும்பக்கிளை அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது. உடன்வந்த சுகடர் குடும்பமோ இங்கேயே வேரூன்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா சுகடர் அம்மருத்துவரின் பேர்த்தி.

அகராதியின் மரபு வேறு வழியில் தொடர்ந்தது. வின்சுலோ அகராதியைத் திருத்தி விரிக்க வேண்டும் என்னும் முயற்சியிலிருந்தே தமிழ்ப் பேரகராதித் திட்டம் உருப்பெற்றது. 1913இல் அதன் முதற்பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றவர் ஜான் சுகடர் சாண்ட்லர். மதுரை மிசன் குடும்பத்தில் பிறந்தவர். 'இண்டசு' கப்பலில் வந்த மருத்துவரின் பெயரைத் தம் பெயரில் தாங்கியவர். பின்னர்ச் ச. வையாபுரிப்பிள்ளையின் தலைமையில் 1936இல் அப்பேரகராதி 1,04,405 சொற்களுடன் நிறைவுற்றது. அதே காலப்பகுதியில், யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச்சொல்லகராதியை, முகவை மண்ணின் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம் 1910 முதல் வெளியிட்டது. யாழ்ப்பாணத்துச் சொற்றிரட்டும் முகவையின் புலமையும் ஆதரவும் ஒன்றுசேர்ந்து அகராதியாக உருப்பெறுவது, மிசனுக்கு உள்ளேயும் வெளியேயும் இவ்வாறு இருமுறை நிகழ்ந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, நைட்டின் திரட்டு முதல் தமிழ்ப் பேரகராதி வரை தமிழ் – ஆங்கில அகராதிப் பணி அறுபடாமல் தொடர்ந்தமைக்கு மிசன் குடும்பங்களின் உறவு ஒரு காரணம். பல்கலைக்கழகம் இப்பணியை ஏற்கும்வரை அதனைக் காத்த நிறுவனம் இவ்வுறவே. இரண்டாவது, அவ்வில்லங்களைத் தாங்கிய பெண்களும் அயல்மண்ணில் மடிந்த குழந்தைகளும் அகராதி வரலாற்றின் புறக்குறிப்புகள் அல்லர், அவ்வரலாற்றின் பகுதியினர். மூன்றாவது, முகவை இராமாநுச கவிராயர் முதலிய புலவர்களை 'உதவியோர்' என்னும் ஒரு சொல்லில் அடக்குவது பொருந்தாது. பசிபிக் தீவுகளின் மிசனரி அகராதியோடு ஒப்பிடும்போது, தமிழில் மிசனரி மாணாக்கராகவே தொடங்கினார் என்பது தெளிவாகிறது. ஆசிரியர் எவர், மாணாக்கர் எவர் என்பதைத் தலைப்புப் பக்கம் சொல்லாவிடினும் அகராதி வரலாறு சொல்லுதல் வேண்டும். வின்சுலோ அகராதியை மேற்கோள் காட்டும் ஆய்வுகள் கவிராயர் பெயரையும் உடன்சுட்டுவது அதற்கு ஏற்ற தொடக்கமாகும்.