ஐம்பதுக்குப் பின் நடை மட்டும் போதுமா?

ஐம்பதைத் தாண்டிய தசையில் முதலில் குறைவது வேகம். பருமன் குறைவது அதன் பிறகே கண்ணுக்குத் தெரியும். தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பணுக்களில் சில வயதோடு அழிகின்றன. அவை இயக்கிய தசை நார்களில் சிலவற்றை அண்டை நரம்புகள் தத்தெடுக்கும். மற்றவை சுருங்கி மறையும். அதிக இழப்பு விரைந்து சுருங்கும் வேக நார்களுக்குத்தான். கால் இடறும்போது சட்டென்று ஊன்றிக்கொள்ள உதவுபவையும் அவையே.

பெங்களூரு பிரேசர் டவுனின் கோல்ஸ் பார்க்கைக் காலையில் சுற்றிவருவோருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நடை இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் நிதானமான நடைக்கு மெதுநார்களே போதும். வேக நார்கள் உறங்கியே கிடக்கும். அவற்றை எழுப்பப் பாரம் வேண்டும்.

1990இல் பாஸ்டனில் ஆய்வாளர் மரியா ஃபியாடரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால் பளுப் பயிற்சி அளித்தனர். வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தசைப் பருமனோ 9 விழுக்காடுதான். மிச்சத்தில் பெரும்பங்கு, நரம்புகள் நார்களை ஒருசேர இயக்கப் பழகியதன் பலன்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே வலுப்பெறும் என்பதால், பாரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். வயதான தசை உணவிலுள்ள புரதத்துக்கு மந்தமாகவே எதிர்வினை காட்டும்; அதனால் புரதம் கூடுதலாக வேண்டும். நடை முடிந்து சாப்பிடும் இட்லியோடு முட்டையோ சுண்டலோ சேர்வது அதனால்தான் அவசியம்.