விழுந்து விழுந்து எச்சரித்த ஆர்.சி.சி.பி.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. ஒரே நாளில் நான்கு முறை விழுந்தது. பார்க்க வந்தவர், "ஈரக்காத்துதான் டீச்சர். இதை எடுத்துட்டு நேராக் கொடுத்துடலாம்" என்றார். வீட்டு மின்சுற்றுப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தும் நானும் ஒரு கணம் தலையாட்டப் பார்த்தேன்.

எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்ற ஐயம் மாணவர்களுக்கும் எழும். எம்.சி.பி. காப்பது கம்பியை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனித உடலுக்கோ சில பத்து மில்லி ஆம்பியரே ஆபத்து. ஆர்.சி.சி.பி., போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், எங்கோ கசிகிறது என்று பொருள். நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கசிவைத் தேடினேன். எல்லா பிளக்குகளையும் கழற்றி, எம்.சி.பி.க்கள் அனைத்தையும் இறக்கினேன். ஆர்.சி.சி.பி.யை ஏற்றினேன், நின்றது. பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன், அப்போதும் நின்றது. அப்படியானால் பழுது வயரிங்கில் இல்லை, ஏதோ ஒரு கருவியில் இருக்க வேண்டும். கைகளை நன்கு துடைத்துக்கொண்டு, ஸ்விட்சை அணைத்து, கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பார்த்தேன். கிரைண்டரின் ஸ்விட்சைப் போட்டதும் விழுந்தது.

கழுவும்போது இறங்கிய நீர், மோட்டாரின் காப்பைக் கெடுத்திருந்தது. ஈரக்கையோடு அந்தக் கிரைண்டரில் மாவு தள்ளிவிடுபவர் என் அம்மா.

நம் வேலை இதுவரைதான். கருவியைத் திறப்பதும், பிளக்குகள் இல்லாதபோதும் விழுந்தால் வயரிங்கைப் பார்ப்பதும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒருபோதும் அகற்றக் கூடாது. அதுதான் புவி இணைப்பு. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று குறித்த பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் மாற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் புவி இணைப்பைச் சோதிக்காது. அதைத் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டு, நிலத்துக்குக் கசிவு இல்லாவிட்டால், ஆர்.சி.சி.பி.யும் விழாது. எனவே அது இருக்கிறதே என்ற துணிச்சலும் வேண்டாம்.

இப்போது இப்பாடத்தின்போது ஒரு வீட்டுப் பணி தருகிறேன்: "உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? எதையும் தொடாமல், பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்." 'இல்லை' என்று வரும் விடைகளைப் பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறேன்.