ஆண் நாயின் வயிற்றில் ஒரு கருப்பை

1947-இல், தாய் முயலின் கர்ப்பத்திலிருந்த குட்டிகளின் விரைகளை அகற்றிப் பார்த்த பரிசோதனைகளின் முடிவைப் பிரான்ஸில் ஆல்ஃபிரெத் ஜோஸ்த் என்ற அறிஞர் வெளியிட்டார். நாய்களின் பிறவி விசித்திரம் ஒன்றை விளங்கிக்கொள்ள அந்த முயல்களே நமக்கு வழிகாட்டிகள்.

கருவில் வளரும் குட்டி எதுவாயினும், ஆணுக்குரிய வுல்ஃப் குழல்களையும் பெண்ணுக்குரிய முல்லர் குழல்களையும் ஆரம்பத்தில் ஒருங்கே தாங்கியிருக்கிறது. விரையிழந்த முயற்குட்டிகள், ஆணாகப் பிறந்திருக்க வேண்டியவையாயினும், அகத்தே பெண் அவயவங்களோடு வளர்ந்தன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோதோ ஆண் குழல்கள் நிலைத்தனவேயன்றிப் பெண் குழல்கள் மறையவில்லை. அவற்றை அழிப்பதற்கென்றே விரை வேறொரு பொருளையும் சுரக்க வேண்டும் என்று ஜோஸ்த் அனுமானித்தார், அனுமானம் பலித்தது. அதுதான் முல்லர் எதிர்ப்பு ஹார்மோன்.

தாடியும் புருவமும் அடர்ந்த மினியேச்சர் ஷ்னாவ்சர் என்ற நாயினத்தில் இந்த ஹார்மோன் குறைவறச் சுரந்தும் பயனற்றுப் போவதுண்டு. அதை ஏற்கும் ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து பிறழ்ந்துவிடுவதால், ஏற்பி அரைகுறையாக நின்றுவிடுகிறது. வெளித்தோற்றத்தில் பழுதற்ற ஆணாகிய அந்நாயின் வயிற்றுக்குள் கருப்பை கிடக்கிறது; சில வேளை அதில் சீழும் கட்டுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ச்சி வந்த ஆணிடம் மட்டுமே குறை தெரியும். அதைச் சுமக்கும் பெண்நாய் ஆரோக்கியமாக ஈன்று வம்சத்தில் பரப்பும்.

இத்தகைய ஆண்களில் ஏறத்தாழப் பாதிக்கு விரை கீழிறங்குவதில்லை. ஆனால் விரை இறங்காமை மற்ற இனங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் கோளாறே. 8 வாரத்துக்குள் விரைப்பையை அடைந்திருக்க வேண்டிய விரை, பெரும்பாலும் வலப்புறத்தது, வயிற்றிலோ தொடையிடுக்கிலோ தங்கிவிடும். 6 மாதமாகியும் வராவிட்டால் இனி வராதென்றே கொள்ளலாம். உடற்சூட்டில் விந்து உண்டாகாதே தவிர, ஆண் ஹார்மோன் தடையின்றிச் சுரக்கும். ஆகவே நடத்தையை வைத்து யாரும் ஐயுறமாட்டார்கள். அவ்விரையில் புற்றுக்கட்டி தோன்றும் அபாயம் பன்மடங்கு. சில கட்டிகள் பெண் ஹார்மோனைச் சுரந்து, ஆண் நாயின் மடியை வீங்கச்செய்து, ரோமத்தை உதிர்த்துவிடும். ஒரு விரை மட்டும் இறங்கிய நாய் குட்டிகளுக்குத் தந்தையாகி, பரம்பரையாக வரும் இக்குறையை அவற்றுக்கும் கடத்தக் கூடும் என்பதனால்தான், இறங்கிய விரையையும் சேர்த்து அகற்றிவிடும்படி வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள்.