பெருச்சாளி யந்திரம் செய்த மாணவர்கள்

வித்துராவிலும், அங்கிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையிலும், போணக்காட்டு லயங்களிலும் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை கல்லூரிக்குப் போகிறான் என்றால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு. படிப்பு முடிந்ததும் ஓர் உத்தியோகம்; மாதம் பிறந்தால் சம்பளம். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அடுத்த தலைமுறையிலாவது நிமிர வேண்டும் என்ற ஏக்கம் அது. ஆகவே, "தோழர்களோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன்" என்று மகனோ மகளோ வாய் திறக்கும் அன்று, வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அந்த அச்சத்தைப் பேதைமை என்று நான் சொல்லமாட்டேன். கையில் முதல் உள்ளவர் வீட்டுப் பிள்ளை தோற்றால் மறுபடியும் முயலலாம். நம் வீட்டுப் பிள்ளை தோற்றால், அவனுடைய தங்கையின் படிப்பும் கூடவே நின்றுவிடக்கூடும்.

ஆயினும், நெடுமங்காடு வழியாகக் கழக்கூட்டத்துக்குப் போனால், 1990-ல் தோன்றிய டெக்னோபார்க் இருக்கிறது. அங்கே வேரூன்றிய ஒரு தொழிலின் வரலாற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிந்துகொள்வது நலம்.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் நச்சுக் காற்றால் மூர்ச்சையடைந்தனர். அவ்வழியே வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், முன்பின் அறியாத அவர்களைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கினார். மூவருமே மாண்டனர். மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. சட்டம் இருந்தது, குழியைச் சுத்தம் செய்ய வேறு வழிதான் இல்லை.

மலப்புறம் மாவட்டத்துக் குற்றிப்புறத்தில் உள்ள எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், ராஷித், நிகில் முதலிய தோழர்கள், மாணவப் பருவத்திலேயே 'ஜென்ரோபாட்டிக்ஸ்' என்ற பெயரில் கூடி, மனிதன் உடல்மீது பூட்டிக்கொண்டு பெருஞ்சுமை தூக்கக்கூடிய யந்திரச் சட்டகம் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள். அது பார்ப்போரை வியக்க வைத்தது. ஆனால் வாங்குவதற்கு யாரும் பணப்பையைத் திறக்கக் காணோம். படிப்பு முடிந்ததும் அவரவரும் உத்தியோகத்துக்குப் போனார்கள். (இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும், பட்டத்தை எறிந்துவிட்டு ஓடியவர்கள் அல்லர் அவர்கள்.) பின்னர், சாக்கடைக் குழிக்கு ஒரு யந்திரம் வேண்டும் என்ற தேவை கண்முன் நின்றபோது, கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஆதரவோடு வேலையை விட்டு மீண்டும் ஒன்றுகூடினார்கள்.

2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் அந்த யந்திரம் முதன்முதலாகப் பணியில் இறங்கியது. பெயர் 'பாண்டிகூட்'. ஆங்கிலச் சொல்லைப் போலத் தோன்றினாலும், தெலுங்கர் 'பந்திகொக்கு' என்று சொல்லும் நம்முடைய பெருச்சாளிதான் அது. இடுக்கில் புகுந்து மண் பறிக்கும் பிராணியின் பெயர் இதற்குப் பொருத்தமே. யந்திரத்தின் ஒரு பகுதி சாலைமேல் நிற்கும். மற்றொரு பகுதி குழிக்குள் இறங்கி, சிலந்தியைப் போல் நான்கு கால்களையும் விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். நடுவிலிருந்து நீளும் கை கீழே போய், கல்லையும் சேற்றையும் வாளியில் அள்ளி மேலே கொண்டுவரும். உள்ளே என்ன நச்சுவாயு உள்ளது என்பதை உணர்கருவிகள் அறிவிக்கும். இருட்டிலும் காணும் காமிராக்கள் குழியின் காட்சியை மேலே உள்ள திரையில் காட்டும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு மேலாகத் தோன்றுவது வேறொன்று. அதை இயக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. இதுவரை குழிக்குள் இறங்கிவந்த தொழிலாளியே பழகிக்கொண்டு இயக்கும்படி அமைத்திருக்கிறார்கள். யந்திரம் வந்தால் அவருடைய பிழைப்புப் போய்விடும் என்ற கேள்விக்கு, யந்திரத்தைச் செய்யும்போதே விடை தேடியிருக்கிறார்கள்.

இது நமக்கு ஊரார் கதை அன்று. கேரள நகரங்களில் மலம் அள்ளத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனை பேர்! தகழி 1947-ல் எழுதிய 'தோட்டியுடெ மகன்' நாவல், ஆலப்புழையில் அவ்வாறு வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையே. தன் மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது என்று தவிக்கும் சுடலைமுத்துவை, சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகரசபைக்கு விற்கும் பொருள், கடையில் விற்கும் சோப்பு அன்று. ஒப்பந்தம், பரிசோதனை, கையெழுத்து என்று நாள் நீளும். அதுவரை தாங்கப் பிறர் முதல் வேண்டும். முதலீட்டாளர் சிலர் முன்வந்தனர். 2022-ல் நம் சென்னையின் ஸோஹோ நிறுவனம் முன்னின்று 20 கோடி ரூபாய் முதலீடு வந்தது. அந்தத் தோழர்கள் வீட்டை அடகு வைத்தோ, தாயின் தாலிக்கொடியை விற்றோ இவ்வளவு தூரம் வரவில்லை என்பதே நான் காட்ட விரும்புவது. யோசனைக்கு முதலில் சிறு மானியம், பிறகு செய்துகாட்டிய பொருளுக்கு முதலீடு என்பதே முறையான வரிசை. கல்லூரிகளிலேயே இதற்கு வழிகாட்டும் தொழில் முனைவு மையங்களை ஸ்டார்ட்அப் மிஷன் அமைத்திருக்கிறது. தொழில் தொடங்கும் மாணவருக்கு வருகைப் பதிவில் 20 விழுக்காடு தளர்வும், 4 விழுக்காடு கருணை மதிப்பெண்ணும் தருவதாகக் கேரள சர்க்கார் 2012-லேயே அறிவித்தது. படிப்பா, தொழிலா என்று வீட்டில் வழக்காடுமுன், உங்கள் பிள்ளையின் கல்லூரியில் இவை இன்று எவ்வாறு நடைமுறையில் உள்ளன என்று நேரில் போய்க் கேளுங்கள். தந்தை தயங்கினால் தாய் போகலாம். தடுப்பார் யாரும் இல்லை.

பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நீ செய்யப்போவது யாருக்கு வேண்டும்? அவரைப் போய்ப் பார்த்தாயா?" குற்றிப்புறத்துத் தோழர்களின் முதல் யந்திரத்துக்கு அந்தக் கேள்விக்கு விடை இல்லை, இரண்டாவதற்கு இருந்தது. அப்போது நகராட்சியாக இருந்த கும்பகோணம் 2018-லேயே அதைப் பெற்றது. கோயம்புத்தூருக்கும் அது போனது. 2023 பிப்ரவரியில் குருவாயூர்க் கோயில் நகரிலும் பணியில் இறங்கியது. அங்கெல்லாம் தொழிலாளி, குழிக்கு வெளியே, திரையைப் பார்த்தபடி நிற்கிறார்.